பிழைகள் கூடும் விதம்: அல்பிரூனியும் விருத்தாசலத்துப் பீங்கானும்

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் உருவாகும் பொருள்களுள் மின் ஃப்யூஸும் ஒன்று. சுவரில் பொருத்தும் அடிப்பாகம், அதனுள் செருகும் பிடி என அதற்கு இரு பீங்கான் உறுப்புகள் உண்டு. களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குகிறது. ஆகவே ஒரே அச்சில் வார்த்தவையும் ஒரே அளவாய் அமைவதில்லை. இரு உறுப்புகளின் பிழைகள் சேரும்போது விளையும் பிழை எவ்வளவு என்பதே பட்டறையின் கேள்வி. நம் அறிவு மரபில் இக்கேள்வியின் தொடக்கம் ஆயிரமாண்டுப் பழமை உடையது.

அபூ ரைஹான் அல்பிரூனி, ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025) 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூலை நிறைவு செய்தார். ஊர்களின் அட்ச, தீர்க்க ரேகைகளையும் அவற்றைக் கொண்டு கிப்லாவின் திசையையும் துணிவதே அதன் பொருள். சைன் கணக்கில் நேரும் பிழையோடு சிறிய கருவிகளின் பிழையும் நோக்குபவரின் பிழையும் சேர்ந்தால் உணரத்தக்க அளவாகிவிடும் என்று அதில் அவர் எச்சரிக்கிறார்.

நிகழ்தகவியல் முழுவதும் நம்மவர் கண்டதே என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அத்தகைய இரவல் புகழ் பிரூனிக்குத் தேவையில்லை. பிழைகள் சேரும் என்று அவர் கண்டார். எந்த விதிப்படி சேரும் என்பது பின்னரே தெளிந்தது. இயல்நிலை வளைவை டி மாய்வர் 1733இல் எட்டினார். காஸ் 1809இல் அதை வானியல் பிழைகளுக்குப் பொருத்தினார். அடுத்த ஆண்டே லாப்லாஸ் அதன் அடித்தளத்தை விரித்தார்.

விதி எளியது. அடிப்பாகத்துப் பள்ளத்தின் சராசரி அகலம் 32 மி.மீ., திட்ட விலக்கம் 0.3, பிடியின் சராசரி அகலம் 31 மி.மீ., திட்ட விலக்கம் 0.4 என்று கொள்வோம். இரண்டும் இயல்நிலைப் பரவலில் அமைந்து ஒன்றையொன்று சாராதிருப்பின், இடைவெளியும் இயல்நிலைப் பரவலிலேயே அமையும். அதன் சராசரி 1 மி.மீ. திட்ட விலக்கத்தை 0.7 என்று கூட்டவோ, கழித்தல் கணக்காயிற்றே என்று 0.1 ஆக்கவோ தோன்றும். இரண்டும் பிழை. வர்க்கங்களையே கூட்டவேண்டும்: 0.09 + 0.16 = 0.25, வர்க்கமூலம் 0.5. செங்கோண முக்கோணம் கற்ற எவருக்கும் இது பழகிய முகம்தான். இடைவெளி பூச்சியத்துக்குக் கீழிறங்க, சராசரியிலிருந்து இரு திட்ட விலக்கம் தாழவேண்டும். அதன் நிகழ்தகவு 0.0228. ஆயிரம் இணைகளில் ஏறக்குறைய 23 பொருந்தா. 0.7 என்று கொண்டவருக்கோ 77 என வரும். அவர் அஞ்சி, பள்ளத்தைத் தேவைக்குமேல் அகலமாக்கிவிடுவார்.

இவ்வகைக் கணக்கை ஆலைகளுக்குக் கொண்டுசென்ற வால்டர் ஷூஹார்ட், மகலனோபிஸின் அழைப்பில் 1947–48இல் இந்தியா வந்தார். அதன் பின்னரே புள்ளியியல் தரக்கட்டுப்பாடு இங்கு வேரூன்றியது.

'ஒன்றையொன்று சாராத' என்னும் நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே மண்கலவையில் செய்து ஒரே சூளையில் வேகவைத்த இரு உறுப்புகளும் சேர்ந்தே சுருங்கக்கூடும்; அப்போது இடைவெளியின் ஏற்றத்தாழ்வு 0.5ஐ விடக் குறையும். அளவிடுவோர்க்கு இதன் மறுபக்கமும் உண்டு: கோணல் கருவியால் நூறு முறை அளந்தாலும் கோணல் நீங்காது. பிரூனி பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை வேறுபாட்டை ரய், ஜுர்ஜானிய்யா, பல்க் வழியாக ஒரு முறையும், ஷீராஸ் வழியாக மற்றொரு முறையும் கணித்து, இரு விடைகளையும் ஒப்பிட்டார்.