பழைய தமிழ்ப் புத்தகத்தை டெக்ஸ்டாக மாற்றும் டெசராக்ட்: மேக்கில் நாமே பில்ட் செய்வது எப்படி?

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், அடையாறில் பிரம்மஞான சபை நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம்... தென் சென்னையில் பழைய அச்சுப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம்தான். அதில் ஒரு சொல்லைக்கூட தேட முடியாது. படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் லைப்ரரிதான் டெசராக்ட். ஹெச்பி நிறுவனம் உருவாக்கி, 2005-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. தமிழும் படிக்கும்.

ஏன் சோர்ஸில் இருந்து?

நாலு பக்கம் மாற்றினால் போதும் என்றால் இந்த வேலையே வேண்டாம். ஹோம்ப்ரூவில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. சொந்த ஆப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்கும், உள்ளே கைவைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும்தான் இது.

என்ன செய்ய வேண்டும்?

ஆப் ஸ்டோரில் முழு எக்ஸ்கோடை இறக்கி ஒருமுறை திறந்து விடுங்கள். அடுத்து சிமேக் ஆப். டெசராக்டுக்கு முன்னால் லெப்டோனிகா என்ற பட லைப்ரரியை பில்ட் செய்தாக வேண்டும். இந்த வரிசை மாறினால் வேலை நடக்காது.

சிமேக்கில் சோர்ஸ் ஃபோல்டரைக் காட்டி, பில்டுக்குத் தனி ஃபோல்டர் கொடுங்கள். கான்ஃபிகர் அழுத்தி எக்ஸ்கோடைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பாக வரும் வரிகளைப் பார்த்து பயப்பட வேண்டாம், அவை புதிதாக வந்த செட்டிங்குகள். இன்ஸ்டால் பிரிஃபிக்ஸை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மாற்றினால் பாஸ்வேர்ட் தொல்லை இல்லை. பிறகு ஜெனரேட், ஓப்பன் புராஜெக்ட். எக்ஸ்கோடில் முதலில் 'ஆல் பில்ட்', அடுத்து 'இன்ஸ்டால்' ஸ்கீமை ஓட்டுங்கள்.

டெசராக்டுக்கும் இதே கதைதான். லெப்டோனிகா இருக்கும் இடத்தை மட்டும் காட்ட வேண்டும். 'டிரெய்னிங் டூல்ஸ்' டிக்கை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

எங்கே மாட்டிக்கொள்வோம்?

ஒன்று ஆப்பிள் சிலிக்கானுக்கும் இன்னொன்று இன்டெலுக்கும் பில்ட் ஆனால் இரண்டும் சேராது. அதைவிட மோசமானது, லெப்டோனிகா பில்ட் ஆகும்போது பிஎன்ஜி, ஜேபெக் லைப்ரரிகள் இல்லாவிட்டாலும் எர்ரர் காட்டாமல் முடிந்துவிடலாம். கடைசியில் ஸ்கேன் படமே திறக்காது. அதனால் கான்ஃபிகர் சொல்லும் வரிகளைப் படித்துப் பாருங்கள்.

தமிழ் டேட்டா ஃபைலைத் தனியாக இறக்கி, 'ஷேர்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டெஸ்டேட்டா'வில் போடணும்.

1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை வைத்த வடிவில் இருக்கும். அங்கே டெசராக்ட் தடுமாறலாம். அந்த எழுத்துகளைப் பழக்க வேண்டுமென்றால், எடுத்துவிட்ட டிக்கைத் திரும்பப் போட்டு, ஐசியு, பாங்கோ, கெய்ரோ லைப்ரரிகளையும் சேர்த்து மறுபடி பில்ட் செய்ய வேண்டும்.