கழியும் புறம்போக்கும்: பழவேற்காட்டு நீர்நிலையின் வரலாறு பற்றி ஓர் ஆய்வு

தொண்டை நாட்டின் வடகீழ் எல்லையில் கடலுக்கும் நிலத்திற்கும் இடையே கிடக்கும் உவர்நீர்ப் பரப்பினைப் பழவேற்காட்டு ஏரி என வழங்குகின்றோம். இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்த பெரும் பரப்பினை உடையது இதுவே. இதன் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களைச் சார்ந்தது. பெரும்பகுதி ஆந்திர நாட்டினுள் அடங்குவது. இந்நீர்நிலை கடந்த நானூறு ஆண்டுகளில் எவ்வெப் பெயரால் அழைக்கப்பட்டது, எவ்வெக் கணக்கில் எழுதப்பட்டது, அப்பெயரும் கணக்கும் அதன் நலத்திற்கு எவ்வாறு துணையாயின அல்லது பகையாயின என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஊர்ப்பெயரை நோக்குவோம். வேல் என்பது வேலமரம். வேலங்காடு அடர்ந்த இடம் வேற்காடு ஆயிற்று. இம்மாவட்டத்திலேயே திருவேற்காடு, திருவாலங்காடு என்னும் பதிகள் உள்ளமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் இப்பகுதியில் மிகுதி. பழவேற்காட்டை அடுத்துள்ள திருப்பாலைவனமும் பாலை மரத்தோடு இயைத்தே பேசப்படுகிறது. விசயநகர வேந்தர் காலத்தில் ஆனந்தராயன் பட்டணம் என்னும் பெயரும் இவ்வூர்க்கு வழங்கியது. அரசியல் வழிவந்த அப்பெயர் மறைந்தது. மரத்தின் வழிவந்த பெயரே நிலைத்தது. போர்ச்சுகீசியர் நாவில் அது பலியக்காட் எனத் திரிந்தது. ஆங்கிலேயர் புலிக்காட் என்றனர். புலிக்கும் இவ்வூர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இன்றும் துணிக்கடைகளில் பளையக்காட் கைலி என்று கேட்டு வாங்குவோர் தாம் ஒரு தமிழ் ஊரின் பெயரையே அயலார் ஒலிப்பில் சொல்லுகின்றோம் என்பதனை அறியார்.

இனி, ஏரி என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஏரி என்பது மக்கள் கரை கட்டி, மதகு அமைத்து, மழைநீரைத் தேக்கி உழவிற்குப் பயன்கொள்ளும் நீர்நிலை. பழவேற்காட்டு நீர்நிலைக்குக் கரையும் இல்லை, மதகும் இல்லை. ஆறும் கடலும் கலந்து ஆக்கிய அதனைக் கழி என்றோ காயல் என்றோ கூறுதலே தமிழ் மரபு. பண்டைப் புலவர் நெய்தற்குரிய நிலத்தினைப் பொதுப்படக் கடற்கரை என்று கூறி அமையவில்லை. கழி, கானல், துறை, அளம், அடைகரை எனப் பகுத்துப் பெயரிட்டனர். கண்டல், தில்லை, தாழை, ஞாழல், புன்னை என ஆங்கு வளரும் மரஞ்செடிகளையும், நாரை, குருகு, அன்றில் எனப் பறவைகளையும் வேறுவேறாக அறிந்தனர். அப்பாடல்களுள் ஒன்றேனும் பழவேற்காட்டைக் குறித்தது என நிறுவச் சான்றில்லை. எனவே, இவ்வூரார் சிலர் சங்ககாலப் பெருமை கூறுவதனை யாம் ஏற்குமாறில்லை. ஆயின் இத்தகைய நிலத்தினைக் கூர்ந்து நோக்கிய ஒரு மொழி இங்கு இருந்தது என்பதற்கு அச்சொற்களே போதிய சான்றாகும். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதாக விளித்துப் பாடியதனை அறியாத தமிழ் மாணவர் இலர். குமரித்துறையில் ஆடி வடதிசைக்கு மீளும் பறவை அது. புலவரின் வறுமையையே பேசும் உரையாளர், பறவை ஆண்டுதோறும் திசைமாறிச் செல்லும் உண்மையை அப்பாடல் போகிற போக்கில் பதிவு செய்திருப்பதனைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

இலக்கியத்திலிருந்து சாசனத்திற்கு வருவோம். பல்லவர், சோழர் காலத்துக் கொடை ஆவணங்கள் ஊரின் நான்கெல்லையுள் அடங்கியவற்றை எண்ணுங்கால் நன்செய் புன்செய்யோடு நில்லாமல், களரும் உவரும் உள்ளிட்டு, உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் ஈறாக அனைத்தையும் சுட்டுகின்றன. இவ்வாய்பாடு முழுவுரிமையைக் காட்டுதற்கு எழுந்த சட்ட வழக்கே. உயிர்களிடத்து அருள் காட்ட எழுந்ததன்று. எனினும் விளையாத நிலமும் ஊரின் ஒரு பகுதியே என்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருத்தல் வெளிப்படை.

கும்பினியார் ஆட்சியில் நிலவரித் திட்டம் வந்தபோது இவ்வெண்ணம் மாறியது. வரி தரும் நிலம் கணக்கின் உள்ளே நின்றது. வரி தராத வழி, மேய்க்கால், சுடுகாடு, நீர்நிலை, கழி ஆகியன எல்லாம் கணக்கிற்குப் புறத்தே போக்கப்பட்டுப் புறம்போக்கு எனப்பட்டன. அச்சொல் தொடக்கத்தில் இழிபொருள் உடையதன்று. ஊரார் அனைவர்க்கும் பொதுவாக ஒதுக்கிய நிலம் என்பதே அதன் கருத்து. நாளடைவில் அது பயனற்ற நிலம் எனப் பொருள்பட்டு, பின்னர் மனிதரை இகழும் வசைச்சொல்லாகவும் இழிந்தது. ஐந்திணையுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட நிலம் வசைச்சொல் ஆகிய இவ்வரலாறு சொற்பொருள் ஆராய்ச்சியாளர் கருத்தினை ஈர்க்க வேண்டிய ஒன்று. 2017-ஆம் ஆண்டில் இசைவாணர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியின் சாம்பல் மேட்டிடையே நின்று பாடிய புறம்போக்குப் பாடல், இச்சொல்லின் பழம்பொருளை மீட்க எழுந்த முயற்சியே ஆகும். இசையரங்கம் இம்முயற்சியைச் செய்யுமுன் நம் தமிழ்த்துறைகள் செய்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

கும்பினி ஆட்சியே ஒரு நேர்மாறான சான்றினையும் தருகிறது. 1798-ஆம் ஆண்டளவில், செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராய் இருந்த லயோனல் பிளேஸ், வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடலாகாது என அவ்வூரார்க்கு உரிமைச்சீட்டு வழங்கினார். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை ஊரார் அறிந்திருந்தனர். அதனால் கேட்டனர், பெற்றனர். அதே ஜாகீரைச் சேர்ந்த பொன்னேரிப் பகுதியின் உவர்க்கழிக்கு அத்தகைய சீட்டு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. நெல் விளைக்கும் நீர்க்குக் காவல் கிடைத்தது. மீன் விளைக்கும் நீர் புறம்போக்காய் நின்றது. வேறுபாட்டிற்குக் காரணம் பறவையன்று, வரியே.

ஒல்லாந்தர் வரலாறு பலரும் எழுதியது. ஆதலின் சுருங்கக் கூறி அமைகின்றோம். அவர்கள் 1613-இல் இங்குக் கெல்ட்ரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாக இதனைக் கொண்டனர். துணியும் வெடிமருந்தும் மட்டுமன்றி அடிமைகளாக்கப்பட்ட மக்களும் இங்கிருந்து பத்தாவியாவிற்குக் கப்பலேறினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. எஞ்சியது கல்வெட்டுகள் பொறித்த கல்லறைத் தோட்டமே. நம் ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்று: ஆழமற்ற கழியினுள் பெருங்கலம் புகவியலாது, கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, படகுகளே சரக்கினைக் கொணர்ந்தன. பெருவணிகம் நடந்த காலத்திலும் கழியின் உருவம் மாறாது நின்றமைக்கு இஃதொரு காரணம். 1806-இல் எண்ணூர் வரை தொடங்கிப் பின்னர் வடக்கே நீட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய், 1876-78 பஞ்சகாலப் பணிகளால் விரிந்து பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. சிறீஅரிக்கோட்டையின் விறகும், இப்பகுதி உப்பும், கழிப்படுகையின் கிளிஞ்சலும் அதன்வழியே சென்னைக்குச் சென்றன. கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளம், பழவேற்காட்டை அடுத்த தோணிரேவு ஆகிய ஊர்ப்பெயர்கள் அவ்வாழ்வின் சுவடுகள். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் ஊர்ப்பெயர்களை நிலவகையால் பகுத்து ஆராய்ந்த முறையினை இக்கரைக் குப்பங்களுக்கும் விரித்துச் செய்தல் இளம் ஆய்வாளர்க்குரிய நல்ல பணி.

கழி எவ்வாறு உயிர்வாழ்கின்றது என்பதனை அறியாமல் அதற்கு நேர்ந்த கேட்டினை அளத்தல் இயலாது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நன்னீரைக் கொணர்கின்றன. வெள்ளம் மணல்திட்டினை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கின்றது. திறந்த வாயில்வழிக் கடல்நீர் ஏறி இறங்குகின்றது. இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் உட்புகுந்து வளர்கின்றன. கோடையில் மணல் மீண்டும் வாயை அடைக்க, நீர் சுண்டி உவர்ப்பேறுகின்றது. இம்மாறுபாட்டிற்கு இயைந்த நுண்ணுயிர்களையும் பாசியையும் வடித்துண்ணவே பூநாரைகள் பல்லாயிரமாய் வருகின்றன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நேலப்பட்டு முதலிய இடங்களில் கூடுகட்டி, இக்கழியில் இரை தேடுகின்றன. பூநாரை நிற்பது முழங்காலளவு நீரில். இருளர் சமூகத்துப் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பதும் அத்தகைய நீரிலேதான். அந்நீர் இரண்டடி ஆழ்ந்தாலும் கெடும், இரண்டடி தூர்ந்தாலும் கெடும். பறவையின் நலமும் மக்களின் நலமும் முரண்படுவன எனக் கூறுவோர் இவ்வொற்றுமையை ஓர்தல் வேண்டும்.

மீனவர் இக்கழியினை வரைமுறையின்றி ஆண்டிலர். பாடு என்னும் முறை அவர்களிடை நெடுங்காலமாக உள்ளது. இன்ன துறையில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்பதனை ஊர்கள் கூடி முறைவைத்து வரையறுத்துக் கொள்வதே பாடு. அரசின் ஏடு புறம்போக்கு என எழுதிய நீர்ப்பரப்பில் இத்துணை நுட்பமான உரிமைக் கணக்கு ஒன்று எழுதாக்கிளவியாய் வழங்கி வந்தது. 1969-இல் ஏவுதளத்திற்காகச் சிறீஅரிக்கோட்டைத் தீவு கையகப்படுத்தப்பட, அங்கிருந்தோர் பெயர்ந்தமையால் பாட்டுரிமைப் பூசல்கள் பெருகின. ஆட்புழக்கம் தடைப்பட்டதனால் அத்தீவின் காடு பிழைத்ததும் உண்மையே. வரலாறு ஒருமுகமாக நடப்பதில்லை.

1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது ஒரே கழி இரண்டு அரசுகளுக்கு உரியதாயிற்று. 1976-இல் ஆந்திரப் பகுதியும், 1980-இல் தமிழ்நாட்டுப் பகுதியும் பறவைக் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. அதே காலத்தில் தெற்கிலும் மேற்கிலும் தொழில் சூழ்ந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும், வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இலும் இயங்கத் தொடங்கின. 1971-இல் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகம் அடுத்த பத்தாண்டில் எழுந்து, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. எண்ணூர்க் கழியும் பழவேற்காட்டுக் கழியும் கொசத்தலையாற்றின் உப்பங்கழியாலும் பக்கிங்காம் கால்வாயாலும் இணைந்த ஒரே நீர்த்தொடர். ஆதலின் ஓரிடத்துக் கேடு மற்றோரிடத்திற்கும் உரியதே. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழியிற் பரவியபோது கூழைக்கடாக்கள் சிறகு கறுத்து நின்றமையை நாடு கண்டது.

துறைமுகச் சுவர்களால் வரும் கேடோ மெல்ல வருவது. ஆகவே பலர்க்குப் புலப்படுவதில்லை. சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது. கடலினுள் நீண்ட சுவர் அதனைத் தடுத்தால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரீனா விரிந்ததும் இராயபுரத்துக் கரை கரைந்ததும் இதனால் என்பது நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடையிலுள்ளது குறுகிய மணற்கரையே. அஃது அறுபடின் உட்கழி கடலாகிவிடும்.

இந்நிலையிலேதான், ஏறத்தாழ 330 ஏக்கரில் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தினை 6,110 ஏக்கர் அளவிற்கு விரிவாக்கி, ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2021 சனவரியில் நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது; 2023 செப்டம்பரிலும் அவ்வாறே ஆயிற்று. திட்டத்தை ஆதரிப்போர் வேலைவாய்ப்பினையும் வணிகப் பெருக்கத்தினையும் கூறுவர். கும்மிடிப்பூண்டி ஆலைகளால் பிழைக்கும் குடும்பங்கள் பல என்பதனை மறுத்தல் நேர்மையன்று. அவர்தம் உழைப்பினை எளிதாகக் கருதுதலும் தகாது. ஆயின் கழியில் ஏற்கெனவே உள்ள பிழைப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படாமையால், இழப்பு இல்லை என்பது போலவும் வரவு மட்டுமே உண்டு என்பது போலவும் ஏடு தோன்றுகிறது. வரைபடத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் நீர்ப்பரப்பாகக் காணப்பட்ட எண்ணூர்க் கழியின் பெரும்பகுதி, பின்னர் அரசு அலுவலர் காட்டிய வேறொரு வரைபடத்தில் இல்லை என்று மீனவரும் அவர்க்குத் துணைநின்றோரும் எடுத்துக்காட்டினர். முன்பு சொல்லால் புறத்தே போக்கப்பட்டது. இம்முறை கோட்டால் போக்கப்பட்டது.

நீர்ப்பறவைகளின் உறைவிடங்களைக் காக்க 1971-இல் இராம்சார் நகரில் உலகநாடுகள் உடன்படிக்கை செய்தன. 2022 வரை கோடியக்கரை ஒன்றே தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இருந்தது. 2025-இல் அவ்வெண்ணிக்கை இருபதாயிற்று. வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் கழுவெளியும் அதனுள் உள்ளன. அவை அனைத்தினும் பரந்த உவர்நீர்த் தொடரின் பகுதியாகிய பழவேற்காடு அதனுள் இல்லை.