மரச்சீனியை விடும் தவக்காலம்

விபூதிப் புதன் நெருங்கினால் இங்கே மஸ்கட்டில் நம்ம ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். "இந்த வருஷம் எதை விடப் போறீங்க?" முன்பு மீன், இறைச்சி, சிகரெட் என்று பதில் வரும். இப்போது சோறு, புரோட்டா, மரச்சீனி என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரனான நானும் அந்தக் கட்சிதான். ஆனால் திருவனந்தபுரத்தில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வேடிக்கை. எங்கள் ஊர் நோன்பைத் தாங்கிப் பிடித்ததே மாவுச்சத்துதானே!

ஒரே ஊரில் இரண்டு விதமான நோன்பு. பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் பக்கத்து லத்தீன் கத்தோலிக்கருக்குச் சுத்தபோசனம் என்றால் இறைச்சி கிடையாது, மீன் உண்டு. பட்டம் பக்கத்து சிரியன் வழிக்காரர்களின் அம்பது நோம்பில் மீனும் கிடையாது. கண்டிப்பான வீடுகளில் முட்டை, பாலும் கிடையாது. இரண்டு பக்கமும் தடை செய்யாதவை கஞ்சியும் பயறும் மரச்சீனியும். (கோட்டயம் பக்கம் கப்பை, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் மரவள்ளி. எல்லாம் ஒன்றுதான்.)

இந்தக் கிழங்கு நம்ம ஊர்க்காரனே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது, போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. செடி கொடிகளில் ஆர்வம் உள்ளவர். விஷக்கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது, அரண்மனையில் வேகவைத்துத் தானே சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பயந்ததில் நியாயமும் உண்டு. பச்சைக் கிழங்கில் சயனைடாக மாறும் சத்து இருக்கிறது. நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுவது அதனால்தான்.

அதன் அருமை தெரிந்தது 1942ல். திருவிதாங்கூர் நிலமெல்லாம் தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை என்று பணப்பயிருக்குப் போயிருந்தது. சோற்றுக்கு பர்மா அரிசியை நம்பியிருந்தார்கள். பேங்க்காரன் பாஷையில் சொன்னால், வரவு நன்றாக இருந்தது, ஆனால் கையிருப்பு இல்லை. அந்த வருஷம் மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், கப்பல் நின்றது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலம். ரேஷன் வந்தது. ஏழை வீடுகளில் காலையும் இரவும் மரச்சீனிதான். இலங்கை நண்பர்களுக்கு 1970களின் சிறிமாவோ காலம் ஞாபகம் வரும்.

என் பாட்டியிடம் அந்தக் காலத்துத் தவக்காலம் பற்றிக் கேட்டிருக்கிறேன். "விடுறதுக்கு வீட்டுல என்ன இருந்துச்சு மக்ளே? வருஷம் பூரா ஒருசந்திதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கடைசி வரை மரச்சீனியைத் தட்டில் மீதி வைத்து நான் பார்த்ததில்லை.

விருப்பப்பட்டதை விடும் பழக்கத்துக்கு முன்பிருந்தே இடம் உண்டு என்றாலும், அது பெரிதானது 1966க்குப் பிறகு. அந்த வருஷம் பாப்பரசர் ஆறாம் பவுல் லத்தீன் கத்தோலிக்கருக்குச் சட்டத்தைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாளாகக் குறைந்தது. மற்றபடி என்ன ஒறுத்தல் செய்வது என்பது பெரும்பாலும் அவரவர் மனசாட்சிக்கு வந்தது. அந்தச் சுதந்திரத்தில்தான் இன்று நாம் சோற்றை விடுகிறோம்.

அதே ஊரில் ஸ்ரீகாரியத்தில் 1963ல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1977ல் அவர்கள் விட்ட ஒரு ரகத்துக்கு 'ஸ்ரீ விசாகம்' என்று பெயர், மகாராஜா நினைவாக. அவர்களுடைய எச்-226 ரகம் சேலம், நாமக்கல் போய் நம் பாயசத்து ஜவ்வரிசியாகிறது.

பசியை அடக்கிய அதே குணம்தான் என்னைப் போன்றவனுக்கு வம்பு. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து சுமார் 38 கிராம், புரதம் ஒரு கிராம் சொச்சம்தான். அதனால்தான் மீன் கறியோடு சாப்பிட்டார்கள், மீன் இல்லாத நோன்பில் பயறோடு. வெறும் மரச்சீனியும் மிளகாய்ச் சம்மந்தியும் வறுமையின் சாப்பாடு. உடம்பு வணங்கி வேலை செய்தவர்களுக்கு அந்த மாவு எரிந்துவிடும். ஏசி அறையில் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவனுக்கு எங்கே எரிய?

அதனால் எங்கள் வீட்டில் இந்த நாற்பது நாள் இரவில் சிறுபயறும் முருங்கைக்கீரைத் துவரனும். இது நோன்பா டயட்டா என்று மனைவி கேட்கிறாள். மூன்று மாத சர்க்கரை ரிப்போர்ட்டுக்காக விட்டால் டயட்தான் என்பது அவள் கட்சி. எனக்கு இரண்டும் ஒரே தட்டில் இருக்கட்டுமே என்று தோன்றுகிறது :-)

ஒன்று மட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருசந்தி பிடிக்க வேண்டாம், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நோயாளிக்கு சபையே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஃப்ரீசரில் உறைந்த மரச்சீனி பாக்கெட் ஒன்று கிடக்கிறது. ஈஸ்டர் மத்தியானம் சாளைக் கறியோடு, நாலே துண்டு.