மோட்டார் பந்தயங்களில் கையால் கியர் மாற்றும் முறைகளின் வரலாறு

பந்தயக் கார்களில் ஓட்டுநர் தம் கையாலும் காலாலும் கியர் மாற்றும் வழக்கம் 1890களில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முதன்மைப் பந்தயங்களில் நிலைத்திருந்தது. இரட்டைக் கிளட்ச் முறை, ஒரே பாதத்தால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிக்கும் முறை, கிளட்சை மிதிக்காமலே மாற்றும் முறை ஆகியவை இக்காலத்தில் உருவானவை. இவை திறமையை வெளிக்காட்டுவதற்காகத் தோன்றிய வித்தைகள் அல்ல. கியர்பெட்டியால் செய்ய முடியாத ஒரு வேலையை மனிதர் செய்ய வேண்டியிருந்ததே இவற்றின் பிறப்புக்குக் காரணம்.

சிக்கலின் தோற்றம்

பெட்ரோல் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேக எல்லைக்குள்தான் நன்றாக இழுக்கும். சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து உச்ச வேகம்வரை சுழல வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கவே கியர்பெட்டி. பிரான்சின் பனார் எ லெவஸோர் நிறுவனம் 1891 வாக்கில் அமைத்த காரில் பற்சக்கரங்களை நெம்புகோலால் நகர்த்தி ஒன்றோடொன்று கோக்க வேண்டியிருந்தது. எமீல் லெவஸோர் 1895ஆம் ஆண்டின் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் 1,178 கி.மீ. தொலைவை ஏறத்தாழ 49 மணி நேரத்தில் கடந்து முதலில் வந்து சேர்ந்தார். (அவருடைய கார் இருவர் அமரும் கார் என்பதால் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.)

வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களைக் கோக்க முயன்றால் பற்கள் உரசும், கரகரக்கும், சில வேளை உடையும். இரண்டின் வேகத்தையும் முதலில் ஒன்றாக்க வேண்டும். ஒரு கார் மூன்றாவது கியரில் ஓடுகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகள் சுழல்கிறது என்று கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு இறங்க எஞ்சின் 5,500 சுற்றுகள் சுழல வேண்டியிருக்கலாம். எனவே ஓட்டுநர் கிளட்சை மிதித்து நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டுவருவார், கிளட்சை விடுவார், ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். எஞ்சினோடு பெட்டிக்குள் இருக்கும் உள்ளீட்டுத் தண்டும் வேகம் பெறும். பிறகு மீண்டும் கிளட்சை மிதித்து இரண்டாவது கியரைப் போடுவார். கிளட்சை இருமுறை மிதிப்பதால் இதற்கு இரட்டைக் கிளட்ச் முறை என்று பெயர். நடுநிலையில் கிளட்சை விடாமல் ஆக்சிலேட்டரைத் தட்டினால் எஞ்சின் மட்டுமே வேகம் பெறும், தண்டு பெறாது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

மூன்று மிதிகள், இரண்டு கால்கள்

கியரைக் குறைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வளைவுக்கு முன்னுள்ள இடம். அங்கே வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது கால் கிளட்சில் இருக்கும்; ஆக்சிலேட்டரைத் தட்டக் கால் இல்லை. அதனால் வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, குதிகாலாலோ பாதத்தின் ஓரத்தாலோ ஆக்சிலேட்டரைத் தட்டும் பழக்கம் வந்தது. பழைய பந்தயக் கார்கள் பலவற்றில் ஆக்சிலேட்டர் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இருந்தது. 1950களின் மசெராட்டி 250எஃப் காரிலும் அப்படித்தான்.

இதில் தவறினால் விளைவு உடனே தெரியும். எஞ்சினின் சுழற்சி குறைவாக இருக்கும்போது கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் திடீரென இழுத்துப் பிடிக்கப்படும். வளைவின் வாயிலில் கார் சுழன்றுவிடும். அவசரத்தில் நான்காவதுக்குப் பதிலாக இரண்டாவது கியரில் போட்டாலோ எஞ்சின் தாங்கும் எல்லையை மீறிச் சுழன்று வால்வுகள் பிஸ்டனில் மோதும். பந்தயக் கார்களின் சுழற்சிமானி பலவற்றில், எட்டிய உச்ச அளவிலேயே நின்றுவிடும் இரண்டாவது முள் ஒன்றும் இருந்தது. கார் திரும்பியதும் மெக்கானிக்குகள் முதலில் பார்ப்பது அந்த முள்ளைத்தான். ஓட்டுநர் சொல்லும் கதைக்கு அங்கே மதிப்பில்லை.

1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ ஓட்டிய ஓட்டம் கியர்த் தேர்வுக்குச் சிறந்த சான்று. சுற்று ஒன்று ஏறத்தாழ 22.8 கி.மீ.; மொத்தம் 22 சுற்றுகள். பாதி வழியில் எரிபொருளுக்கும் டயருக்கும் நிறுத்தியதில் அவர் முன்னிலையை இழந்து, முக்கால் நிமிடத்துக்கும் மேல் பின்தங்கினார். பிறகு சுற்றுச் சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்து, 9 நிமிடம் 17.4 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். காலின்ஸையும் ஹாத்தோர்னையும் முந்தி 46ஆம் வயதில் ஐந்தாவது உலகப் பட்டத்தையும் உறுதிசெய்தார். சில வளைவுகளை வழக்கமான கியரைவிட ஒரு கியர் மேலே வைத்தே கடந்ததாகப் பின்னர் அவரே விளக்கினார். வளைவை விட்டு வெளிவரும்போது வேகம் கூடும். பிடி நழுவினால் காப்பாற்ற எஞ்சினின் இழுப்பு குறைவாகவே இருக்கும். அத்தகைய துணிவை அதன்பின் தாம் மீண்டும் காட்ட விரும்பவில்லை என்ற பொருளிலும் அவர் பேசியிருக்கிறார்.

இயந்திரம் ஏற்றுக்கொண்ட வேலை

பற்சக்கர வேகங்களை உராய்வுக் கூம்புகளால் தானே ஒன்றாக்கும் ஒத்திசைவுப் பெட்டியை கேடிலாக் நிறுவனம் 1928இல் கொண்டுவந்தது. சாலைக் கார்களில் இரட்டைக் கிளட்ச் முறை மெல்ல மறைந்தது. பந்தயத்தில் அவ்வாறு ஆகவில்லை. கூம்புகள் ஒத்துவர எடுக்கும் சிறு பொழுதுகூட அங்கே இழப்புதான். போர்ஷே நிறுவனம் மட்டும் தன் பந்தயக் கார்களிலும் ஒத்திசைவுப் பெட்டியை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது. 1930களில் இங்கிலாந்தின் ஈ.ஆர்.ஏ. கார்களில் வேறொரு வழி இருந்தது: வேண்டிய கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொண்டு, தேவையான நேரத்தில் ஒரு மிதியை அழுத்தினால் போதும்.

1960கள் முதல் இங்கிலாந்தின் ஹியூலண்ட் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் பரவின. இவற்றில் நுண்பற்களுக்குப் பதில் இடைவெளி விட்ட சில பெரிய முட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆக்சிலேட்டரைக் கணப்பொழுது தளர்த்தினால் கிளட்ச் இல்லாமலே மேல் கியருக்குப் போகலாம். சாலையில் மென்மையாக மாற்றுவதே நல்ல பழக்கம். இங்கே தயங்கித் தள்ளினால்தான் முட்டுகளின் விளிம்பு தேயும். கிளட்சை மிதிப்பதா வேண்டாமா என்பதில் ஓட்டுநர்கள் ஒருமித்த கருத்துக்கு வந்ததில்லை.

திருப்பம் 1989இல் வந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த இரு துடுப்புகளால் கியர் மாறியது. நெம்புகோல் இல்லாததால் ஓட்டுநர் இருக்கைப் பகுதியைக் குறுக்க முடிந்தது, இரு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. சோதனைகளில் அடிக்கடி பழுதான அந்தக் கார், மார்ச் 26 அன்று பிரேசிலில் நைஜல் மான்செலுக்கு முதல் ஓட்டத்திலேயே வெற்றி தந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1991 மார்ச் 24 அன்று, அதே பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் கைமுறைப் பெட்டி கொண்ட மெக்லாரனில் அயர்டன் சென்னா முன்னணியில் இருந்தார். துரத்தி வந்த மான்செலின் துடுப்புப் பெட்டி பழுதாகி அவர் விலகினார். சென்னாவுக்கும் முதலில் நான்காவது கியர் போனது; பின்னர் மற்றவையும் போக, கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டினார். மெதுவான வளைவுகளில் எஞ்சின் அணைந்துவிடாமல் காத்தபடி, 3 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். தசைப்பிடிப்பால் அவரால் காரைவிட்டுத் தானே இறங்க முடியவில்லை. அந்த எம்பி4/6 காரே கைமுறைப் பெட்டியுடன் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற கடைசிக் கார். கைமுறைப் பெட்டியோடு அப்போட்டியில் ஓடிய கடைசிக் கார் 1995ஆம் ஆண்டின் ஃபோர்ட்டி எஃப்ஜி01.

கீழ்நிலைப் பந்தயங்களில் பழைய முறை தொடர்ந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். அவ்வகைக் காரில் பந்தயத்தைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டியபோது, அவர் காரில் கியர் நெம்புகோல் இல்லை.