எலும்புத்தசையின் மீளுருவாக்கம்: மூலச் செல்லைத் தேடிய ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சிக்கல்

எலும்புத்தசையின் ஒவ்வோர் இழையும் பல உட்கருக்களைக் கொண்ட ஒரே செல். அந்த உட்கருக்கள் மீண்டும் பிரிவதில்லை. ஆயினும் காயத்தில் நசுங்கிச் சிதைந்த தசை, சில வாரங்களில் புதிய இழைகளைப் பெற்றுவிடுகிறது. அப்படியானால் புதிய உட்கருக்கள் எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்விக்கு விடை உருவான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. மூலச் செல்லை அடையாளம் கண்டது முதற்படி; அதை இயக்கும் சூழலை அறிந்த பிறகே இவ்வறிவு முழுமை நோக்கி நகர்ந்தது என்பது இதன் கருத்து.

மூலச் செல் புலப்படுதல்

எஞ்சிய இழையின் முனையிலிருந்தே புதிய தசை வளர்கிறதா, தனித்த செல்கள் கூடி அதை உருவாக்குகின்றனவா என்ற விவாதம் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. ஒளி நுண்ணோக்கியால் அதைத் தீர்க்க முடியவில்லை. 1961இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் கால் தசையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இழையின் சவ்வுக்கும் அதைப் போர்த்திய அடித்தளச் சவ்வுக்கும் நடுவே ஒட்டிக்கிடந்த சிறு செல்களுக்குச் சாட்டிலைட் செல்கள் என்று பெயரிட்டார். கருவளர்ச்சியில் இழையோடு இணையாமல் எஞ்சி, காயம்பட்டதும் விழித்தெழக் காத்திருப்பவை இவையாக இருக்கலாம் என்ற ஊகத்தையும் முன்வைத்தார்.

அதே ஆண்டில் ஸ்டாக்டேலும் ஹோல்ட்சரும், தசை இழையாக இணைந்துவிட்ட உட்கருக்கள் டி.என்.ஏ.வைப் புதிதாக உருவாக்குவதில்லை என்று காட்டினர். 1971இல் மாஸ், லெப்லாண்ட் இருவரும் வளரும் எலிகளுக்குக் கதிரியக்கத் தைமிடினைச் செலுத்தினர். அடையாளம் முதலில் சாட்டிலைட் செல்களில் மட்டுமே தெரிந்தது; பிறகு இழையின் உட்கருக்களிலும் தோன்றியது. புதிய உட்கருக்கள் வந்த வழி இவ்வாறு புலனாயிற்று.

மரபணுச் சான்றுகள்

1987இல் டேவிஸ், வைன்ட்ராப், லாசர் ஆகியோர் மயோடி என்ற ஒரே மரபணுவைக் கொண்டு, இணைப்புத்திசுச் செல்லைத் தசைச் செல்லாக மாற்றினர். அதுபோலவே, சாட்டிலைட் செல்கள் உருவாகி நிலைக்கப் பாக்ஸ்7 என்ற மரபணு தேவை என்பதைக் கனடாவில் ருட்னிக்கியின் குழு 2000இல் நிறுவியது. 2005இல் லண்டன் குழுவொன்று ஒரேயோர் இழையைச் சுண்டெலித் தசையில் பதித்தது. அதில் ஒட்டியிருந்த வெறும் ஏழு சாட்டிலைட் செல்களே நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இழைகளைத் தர வல்லவை எனத் தெரிந்தது. 2011இல் வளர்ந்த சுண்டெலிகளில் பாக்ஸ்7 மரபணு இயங்கும் சாட்டிலைட் செல்கள் அழிக்கப்பட்டபோது காயம்பட்ட தசை மீளவில்லை. மௌரோவின் ஊகம் உறுதிப்பட ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சூழலை நோக்கிய திருப்பம்

இதற்கிடையே, 1990களில் டூசென் தசைச்சிதைவு நோயாளிகளுக்கு மயோபிளாஸ்ட் எனும் தசை முன்னோடிச் செல்களை ஊசிமூலம் செலுத்திய சிகிச்சை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. செலுத்திய செல்களில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவையும் வெகுதூரம் பரவவில்லை. செல் இருந்தால் மட்டும் போதாது என்பதை இத்தோல்வி உணர்த்தியது.

செல்லைச் சூழ்ந்த உடலும் முக்கியம் என்பதற்கான தடயம் முன்பே கிடைத்திருந்தது. 1989இல் கார்ல்சனும் ஃபாக்னரும் முதிய எலியின் தசையை இளம் எலிக்கு மாற்றியபோது, அது இளம் தசைக்கு நிகராக மீண்டது. 2005இல் கான்பாய், ராண்டோ குழுவினர் முதிய, இளம் சுண்டெலிகளின் இரத்த ஓட்டத்தை இணைத்தனர். முதிய சாட்டிலைட் செல்கள் ஊக்கம் பெற்றன. நோயெதிர்ப்புச் செல்களின் பங்கும் தெளிவாயிற்று. 2007இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியபடி, மேக்ரோபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் முதலில் அழற்சியைத் தூண்டித் தசைச் செல்கள் பெருக உதவுகின்றன. பின்னர் மேக்ரோபேஜ்கள் தன்மை மாறி, அந்தத் தசைச் செல்கள் இழையாக முதிர உதவுகின்றன.

முடிவுரை

2021இல் வெளியான ஓர் ஆய்வு, உடற்பயிற்சியால் ஏற்படும் சிறு கிழிசலை இழையே செப்பனிடுவதைக் காட்டியது. அதன் உட்கருக்கள் காயமுற்ற இடத்துக்கு நகர்கின்றன. எனவே பழைய விவாதத்தின் இரு தரப்புக்கும் இன்று இடமுண்டு: சிறு சேதத்தை இழை சரிசெய்கிறது, இழையே அழிந்தால் சாட்டிலைட் செல் புதிதாக உருவாக்குகிறது. தசைச்சிதைவுக்கும் முதுமைத் தளர்ச்சிக்கும் மருந்து தேடுவோர் செல்லோடு அழற்சி, இரத்தம் ஆகியவற்றையும் சேர்த்தே கருத வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் வழிகாட்டல்.