குப்பைமேனி: எல்லோருடைய குருதிக்கும் ஏற்றதல்ல

ஊரில் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் தானாக முளைத்த குப்பைமேனி, இப்போது உலர்ந்த பொடியாக இணையத்தில் விற்பனையாகிறது. பூனைகள் இதன் வேரை நாடிப்போவதால் பூனைவணங்கி என்றும் பெயர். சளி, குடற்புழு, சொறி சிரங்கு என்று நம்மவர்கள் இதைப் பயன்படுத்தியது பழைய கதை. 'ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்தது' என்ற விளம்பரம்தான் புதிது.

அந்த விளம்பரம் பொய்யல்ல. டிபிபிஎச் என்ற ஊதாநிறக் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவார்கள். குப்பைமேனி இதில் தேறிவிடும். நாம் குடிக்கும் தேநீரும் தேறும். ஆனால் பரிசோதனைக் குழாய்க்குள் ஈரலும் இல்லை, குருதியும் இல்லை. சொத்துக்களை மட்டும் காட்டிப் பொறுப்புக்களை விட்டுவிட்ட ஐந்தொகையில் எந்தக் கணக்காளரும் கையொப்பமிட மாட்டார்.

விடுபட்ட பக்கம் இலங்கையிலேயே பதிவாகியிருக்கிறது. குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சியைக் குடித்தவர்களுக்குச் செங்குருதிக் கலங்கள் குருதிக்குழாய்களுக்குள்ளேயே உடைந்ததாக 1990களில் மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வெளிவந்தன. அவர்களுக்கு ஜீ6பீடி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைவு.

செங்குருதிக் கலத்தை ஒட்சியேற்றத்திலிருந்து காப்பதற்கு இந்த நொதியம் அவசியம். அது குறைந்தவர்களின் உடலில் குப்பைமேனி நேர்மாறாக வேலை செய்கிறது: குழாய்க்குள் ஒட்சியேற்றத்தைத் தடுத்த அதே இலை, குருதிக்குள் ஒட்சியேற்றத்தைத் தூண்டிவிடுகிறது. சிறுநீர் கறுப்புத் தேநீர்போல் கறுக்கும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். சிலருக்கு உதடு நீலம் பாரிக்கும்.

உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு உண்டு. மலேரியா பரவியிருந்த நாடுகளில் அதிகம். எக்ஸ் நிறமூர்த்தத்தில் கடத்தப்படுவதால் தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே மகனுக்கு வரலாம். பலர் அது தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். அவர்களுக்குப் பாச்சை உருண்டையும் ஆகாது, பிரிமாகுயின் மாத்திரையும் ஆகாது. இக்குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மருதோன்றி பூசியே ஆபத்து வந்ததுண்டு.

சிறுநீர் கறுத்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். என்ன இலை, எப்போது உட்கொண்டது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொடிப் பைக்கற்றையும் கொண்டுபோங்கள். வெள்ளைக்கார வைத்தியர் சிரிப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். உதடு நீலமாவதற்கு வழமையாகக் கொடுக்கும் மெதிலீன் நீலம் என்ற மருந்து, ஜீ6பீடி குறைந்தவர்களுக்குக் கலங்களை மேலும் உடைக்கும். ஆகவே அவருக்கு இந்தத் தகவல் தேவை.

வழமையான குருதிப் பரிசோதனையில் இக்குறைபாடு தெரியவராது. ஜீ6பீடி என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். கலங்கள் உடைந்த கையோடு சோதித்தால், குறைபாடுள்ள முதிய கலங்கள் அழிந்து இளங்கலங்களே மிஞ்சியிருப்பதால், முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டக்கூடும். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிப்பது நல்லது.