சுருங்கிய நூற்பாவும் விரிந்த உரையும்

தமிழ் இலக்கண வரலாற்றை நோக்குவார்க்கு, இருவேறு போக்குகள் அதில் அடுத்தடுத்து நிற்பது புலப்படும். ஒன்று, சொல்ல வேண்டியதைச் சில சொற்களில் அடக்கும் நூற்பாவின் போக்கு. மற்றொன்று, அச்சில சொற்களைப் பல ஏடுகளாக விரிக்கும் உரையின் போக்கு. இவ்விரண்டையும் வளர்த்தவர் ஒரே மரபைச் சேர்ந்த புலவர்களே. சுருக்கம் எப்போது பயன் தந்தது, விரிவு எங்கே தன் எல்லையைக் கடந்தது என்பதை ஆராய்வது, தமிழ் கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் இன்றியமையாததாகும்.

நூற்பா சுருங்கியதற்கு முதற் காரணம் எழுதுபொருள். பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவது எளிய தொழிலன்று. எழுதிய ஏடும் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும்; ஆதலின் அடுத்த தலைமுறை அதனைப் படியெடுத்துக் காத்தல் வேண்டும். நூல் ஏட்டில் வாழ்ந்ததைவிட மாணவர் நெஞ்சில் வாழ்ந்ததே மிகுதி எனலாம். மனத்தில் நிற்க வேண்டுமாயின், பயனற்ற ஒரு சொல்லும் நூற்பாவில் இருத்தல் ஆகாது. ஒன்பது ஒன்பது இயல்களாக மூன்று அதிகாரங்களில் ஏறத்தாழ 1600 நூற்பாக்களைக் கொண்ட தொல்காப்பியம், எழுத்தும் சொல்லும் மட்டுமன்றி வாழ்க்கைப் பொருளையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. சிறிய கண்ணாடியில் பெரிய உருவம் தெளிவாகத் தோன்றுவதைப் போன்றது நூற்பா என்னும் கருத்து, தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் காணப்படுகிறது. கண்ணாடி சிறிதாயிருந்தால் மட்டும் போதாது. உருவம் தெளிவாகவும் தோன்ற வேண்டும் என்பது அவ்வுவமையின் உட்பொருள்.

13 ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலுக்குரிய குற்றம் பத்தினையும் அழகு பத்தினையும் பாயிரத்தில் தொகுத்துக் கூறினார். அவற்றின் வரிசை கருதத்தக்கது. குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். அதன் பின்னரே மிகைபடக் கூறல் வருகிறது. அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். அடுத்தது விளங்க வைத்தல். சுருக்கம் அழகு என்றவரே, குறைவு குற்றம் என்றும் கூறினார். பொருள் விளங்காத சுருக்கத்தை முன்னையோர் போற்றினாரல்லர் என்பது இதனால் தெளியப்படும்.

சுருங்கிய நூற்பாவுக்கு உரை வேண்டியதாயிற்று. உரைகள் பலவாகப் பெருகிய பின், அவற்றுள் எது மெய்யுரை என்னும் வினா எழுந்தது. இறையனார் களவியலுரையின் தொடக்கத்தில் உள்ள வரலாறு, அவ்வினாவுக்குக் கதை வடிவில் விடை கூறுகிறது. பாண்டிநாட்டில் பன்னீரியாண்டு வற்கடம் நிலவியது. மழை பெய்தபின் எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். அரசன் வருந்தியபோது, இறைவன் 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் வழங்கினான். புலவர் பலரும் உரை கண்டனர். அவ்வுரைகளைத் தேர்ந்து கூற, வாய் பேசாத ஐந்து வயதுச் சிறுவனாகிய உருத்திரசன்மன் நடுவனாக அமர்த்தப்பட்டான். மருதனிளநாகனார் உரையைக் கேட்டபோது சில இடங்களில் மட்டும் அவன் கண்ணீர் வார்ந்தான். நக்கீரனார் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அதுவே மெய்யுரையெனக் கொள்ளப்பட்டது.

இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாவிடினும், இதனுள் பொதிந்த கருத்தைத் தள்ளுதற்கில்லை. நடுவன் வாதம் செய்யும் ஆற்றல் அற்றவன். நீளமும் சொல்வன்மையும் அவன்முன் செல்லா. உரை மூலத்தின் உயிரைத் தொட்டதா என்பதொன்றே அங்கே அளவுகோலாக நின்றது. அவ்வுரை பத்துத் தலைமுறை வாய்மொழியாக வழங்கி, முசிறி நீலகண்டனார் வரை வந்ததாக அந்நூலே கூறுகிறது.

உரைக்கும் எல்லை வகுத்தனர் இலக்கணிகள். கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றால் மூலத்தை விளக்குவது காண்டிகை. அவற்றோடு, அவ்விடத்துக்கு இன்றியமையாத பிற செய்திகளையும் சேர்த்து விரித்துரைப்பது விருத்தி. விருத்தி என்பது மனம் போனவாறு விரிப்பதற்கு அளித்த உரிமையன்று. இன்றியமையாமை என்னும் வரம்பு அதற்கும் உண்டு.

அவ்வரம்பில் நின்ற பெரும்புலவர் 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவச் சிவஞான முனிவர். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த அவர், தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் நூற்பாவுக்கும் மட்டுமே தனியொரு விருத்தி எழுதினார். எழுத்துகளின் தொகையைக் கூறும் அந்த நூற்பாவை வாயிலாகக் கொண்டு, முந்தைய உரையாசிரியர்களின் கருத்துகளை அவர் அலசி ஆராய்ந்த திறம் புலவர்களால் பெரிதும் மதிக்கப்பட்டது. ஆயினும், அப்பெருமகனார் காலத்து வாதங்களுள் மற்றொரு பக்கமும் உண்டு. ‘எடுத்து’ என்னும் ஒரு சொல்லின் பொருட்டு, ‘எடுத்து என்னும் சொல்லுக்கு இட்ட வைரக்குப்பாயம்’ என்னும் தனி நூலே அவரால் எழுதப்பட்டது. குப்பாயம் என்பது மெய்யில் அணியும் சட்டை. ஒரு சொல்லுக்கு வைரத்தாற் சட்டை அணிவிக்கும் அளவுக்கு வாதம் முற்றியிருந்தது என்பதை அந்நூலின் பெயரே காட்டும். பின்னர் அரசஞ்சண்முகனார் பாயிர விருத்தி எழுதி, முனிவர் கொண்ட பொருள்களுக்கு மறுப்புக் கூறினார். பாயிரத்துக்கு விருத்தி, விருத்திக்கு மறுப்பு என வாதம் தொடர்ந்தது. இத்தகைய வாதங்கள் அறிவைத் தீட்டின என்பது மெய்யே. மூலநூலை முதன்முறை கற்கப் புகும் மாணவனுக்கோ, வாயிலிலேயே ஒரு மலை எழுந்து நின்றது.

மிகையான ஆராய்ச்சி மூலத்தின் வடிவையே மாற்றுதலும் உண்டு. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் செய்த உதவி அளவிடற்கரியது. 1889 இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அவ்வுரையோடு அச்சேற்றிய பின்னரே, பல பழஞ்சொற்களின் பொருள் பலரும் அறியத்தக்கதாயிற்று. எனினும், மாட்டு என்னும் உறுப்பைத் துணையாகக் கொண்டு, ஓரிடத்துச் சொல்லைத் தொலைவிலுள்ள மற்றோரிடத்துச் சொல்லோடு கூட்டிப் பொருள் கொள்ளும் முறையை அவர் பெரிதும் கையாண்டார். 103 அடிகளே உடைய முல்லைப்பாட்டும் அம்முறைக்குத் தப்பவில்லை. மறைமலையடிகள் 1903 இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில், புலவர் அமைத்த நெறியிலேயே பொருள் கொள்ள வேண்டும் என வற்புறுத்தினார். பாட்டின் அழகு அதன் சொற்கிடக்கையில் உள்ளது. அதனைக் கலைத்துவிட்டு நுட்பம் காண்பது, மாலையைப் பிரித்து மலர்களை எண்ணுவது போன்றதாகும்.

திருக்குறளின் வரலாறு இதற்கு நல்லதொரு முடிவுரையாக அமைகிறது. ஏழு சீரில் ஓர் அறத்தை அடக்கும் குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்பர். அவர்களுள் பரிமேலழகர் செறிவு மிக்க நடையில் எழுதினார். அச்செறிவே மற்றொரு விளக்கத்தை வேண்டிற்று. திருமேனி இரத்தினக் கவிராயர் அவ்வுரைக்கு நுண்பொருள்மாலை என்னும் குறிப்புரை செய்தார். நூற்றாண்டுகள் கழிந்து, 1949 இல் மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை வெளிவந்தது. ஒவ்வொரு குறளுக்கும் ஓரிரு தொடர்களில் எளிய பொருள், மறுப்பில்லை, வாதமில்லை. கையடக்கமான அந்நூல் பரிமேலழகரை எட்ட இயலாத எண்ணற்ற வாசகர்களின் கையில் குறளைக் கொண்டு சேர்த்தது. புலமை குன்றியதால் அவ்வுரை சுருங்கவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிந்ததால் சுருங்கிற்று.

இவ்வரலாற்றால் பெறப்படும் தெளிவு ஒன்று உண்டு. மூலம் எழுப்பும் வினாவுக்கு விடை கூறும் உரை, எத்துணை நீண்டாலும் மிகையாகாது. உரையாசிரியன் தானே ஒரு வினாவை எழுப்பித் தானே விடையளிக்கப் புகும்போது, அவ்வுரை எத்துணைச் சிறிதாயினும் மிகையே. வகுப்பில் ஒரு பாடலை நடத்தும் ஆசிரியரும், தேர்வில் ஒரு கட்டுரை எழுதும் மாணவரும் இவ்வேறுபாட்டை உணர்வாராயின், பக்கத்தை நிரப்புவதற்காகச் சொல்லை அடுக்கும் வழக்கம் தானே குறையும். மாணவன் உரையை மனப்பாடம் செய்து மூலத்தை மறப்பானாயின், அவ்வுரை எத்துணைச் சிறப்புடையதாயினும் தன் பணியில் தவறியதேயாம். முதலிற் பாடலைப் படிக்கச் செய்து, அவன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே மட்டும் கைகொடுப்பதே பழைய காண்டிகை ஆசிரியர்கள் காட்டிய நெறி. அந்நெறி இன்றைய வகுப்பறைக்கும் பொருந்தும்.